வீட்டுக் கடன்: நிலையான வட்டியா, மாறும் வட்டியா?

வீடு பார்த்து முடித்தவர்கள் பலரும் கடைசியில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வட்டி: நிலையானதில் தொடக்கத்திலேயே கொஞ்சம் கூடுதல். மாறுவதில் குறைவாகத் தொடங்கும், ஆனால் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) ஏறினால் கூடவே ஏறும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது, 2025-இல்தான் இறங்கத் தொடங்கியது.

மாதத் தவணை: நிலையானதில் மாறாது. மாறுவதிலும் பல நேரம் மாறாது, அதுதான் ஆபத்தே. வட்டி ஏறும்போது வங்கி தவணையை அப்படியே வைத்துக் காலத்தை நீட்டிவிடும். 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு வாங்கிய கடன், தொடக்கத்திலேயே வட்டி 9.5 ஆகி, தவணை மட்டும் கூடாமல் இருந்தால், 25 வருடத்தைத் தாண்டிவிடும். அதனால் வட்டி ஏறியதும் தவணையைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள், தயவுசெய்து.

முன்கூட்டியே அடைப்பது: மாறும் வட்டியில் தனிநபருக்கு அபராதம் கிடையாது. நிலையானதில் இருக்கலாம்.

அப்புறம், 'நிலையானது' என்று விற்கப்படும் கடன்களில் பல, முதல் சில வருடங்களுக்கு மட்டும்தான் நிலையானவை. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

போனஸ் வரும்போதெல்லாம் அசலைக் குறைக்க முடிந்தவர்களுக்கு மாறும் வட்டி. சம்பளத்தில் பாதி தவணைக்கே போகிறது, கையில் சேமிப்பும் இல்லை என்றால் நிலையானது, அதுவும் கடன் முடியும்வரை நிலையானதாகக் கிடைத்தால் மட்டும்.