ஆம்ப் லெவல் வைக்க பழைய வண்ணாரப்பேட்டை மாடிக்கடை

போன ஆடியில் காசிமேட்டில் கூழ் ஊற்றிய அன்று என் சவுண்ட் செட்டில் மேல் ஒலி கொடுக்கும் இரண்டு டாப் ஸ்பீக்கர் பெட்டிகளிலும் ஹார்ன் டயாபிரம், அதாவது ஒலி எழுப்பும் மெல்லிய சவ்வு, போய்விட்டது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) குமிழைப் பாதிக்கு மேல் நான் திருப்பியதே இல்லை. அப்புறம் எப்படி? அந்தக் கேள்வியோடுதான் இந்தக் கடையில் ஏறினேன்.

"குமிழ் பவரைப் பிடித்து வைக்காது தம்பி, உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கும். நீ மிக்சரில் ஏற்றினால் ஆம்ப் முழுசாகக் கொடுத்துவிடும்" என்றார் கடைக்கார அண்ணன். மிக்சரில் சிவப்பு விளக்கு எரிய எரிய ஓட்டியது நான்தான், வாயைத் திறக்கவில்லை.

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு 400 ஹெர்ட்ஸ் டோன் விட்டார். ஹெர்ட்ஸ் அதற்கு மேலே போனால் சாதா வோல்ட் மீட்டர் தப்பாகக் காட்டலாமாம். என்னுடையது 8 ஓம், 400 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்) பெட்டி. இரண்டையும் பெருக்கினால் 3200, அதன் வர்க்கமூலம் சுமார் 56.6 வோல்ட்; பெட்டி தாங்கும் அளவு அதுதான். ஆம்ப் அவுட்டில் வைத்த மீட்டர் அதைத் தாண்டாதபடி, பேஸையும் டாப்பையும் பிரிக்கும் கிராஸ்ஓவரில் சிக்னலுக்கு உச்ச வரம்பு போடும் லிமிட்டரை நிறுத்தினார். பிறகு பேஸுக்கும் டாப்புக்கும் சமன் பார்த்து, குமிழ் நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டார்.

கூலி 600 ரூபாய், நியாயம்தான். ஆனால் செவ்வாய் என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைதான் கொடுத்தார். படிக்கட்டு குறுகல், ஆம்பைத் தூக்க ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கப்புறம் நான்கு கச்சேரி முடிந்தது, டயாபிரம் அப்படியே இருக்கிறது.