ஜெனோடோவில் நுண்ணோக்கிப் படங்கள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஃப்ளூரசன்ஸ் நுண்ணோக்கியில் எடுக்கும் செல் படங்களைப் பல ஆண்டுகளாக ஜெனோடோ என்னும் இணைய ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் சேமித்துப் பகிர்ந்து வருகிறேன். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013இல் தொடங்கி, தன் தரவு மையத்திலேயே வைத்து நடத்தும் இக்களஞ்சியத்தில் கட்டணமில்லாமல் ஒரு பதிவுக்கு இயல்பாக 50 ஜிபி வரை ஏற்றலாம். இடவசதியைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, வெளியிட்ட கோப்பைச் சத்தமின்றி மாற்றிவிட முடியாதபடி அமைந்துள்ள அதன் பதிப்பு முறை. திருத்தம் வேண்டுமானால் புதிய பதிப்பை வெளியிட வேண்டும். அதற்குத் தனி டிஓஐ எண் (இணையத்தில் ஒரு பதிவை நிலையாக அடையாளம் காட்டும் எண்) கிடைக்கும், பழைய பதிப்பும் தன் எண்ணுடன் அப்படியே நிற்கும். எந்தப் பதிப்பிலிருந்து அளவெடுத்தேனோ அதன் எண்ணையே கட்டுரையில் தருகிறேன்.

ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எம்டி5 சரிபார்ப்பு எண் காட்டப்படுவதால், பதிவிறக்கியவர் தம் கணினியில் அதைக் கணக்கிட்டு, கோப்பு சிதையாமல் வந்ததை உறுதிசெய்துகொள்ளலாம். ஆனால் படம் நேர்மையாக எடுக்கப்பட்டதா என்பதை அந்த எண் சொல்லாது. நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, 3.8 விழுக்காடு கட்டுரைகளில் ஒரே படத்தை முறையின்றி மீண்டும் பயன்படுத்தியது போன்ற சிக்கலுக்குரிய படங்கள் இருந்தன. அச்சான படம் மட்டுமே கையிலிருந்தால் இத்தகைய ஐயங்களைத் தீர்ப்பது கடினம் என்பதால், கருவி தந்த மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே ஏற்றுவதை நான் கட்டாயமாக்கிக்கொண்டேன்.

அதனுடன், பல நிறுவனங்களின் நுண்ணோக்கிக் கோப்புகளைப் படிக்கும் பயோ-ஃபார்மட்ஸ் மென்பொருளால், ஓஎம்இ-டிஃப் என்னும் திறந்த கோப்பு வடிவத்துக்கு மாற்றிய பிரதியையும் வைக்கிறேன். குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருள் இல்லாதவரும் அதைத் திறக்கலாம். பிக்சலின் உண்மை அளவு, லென்ஸ், ஒளிபடும் நேரம் ஆகிய விவரங்களும் படத்துடனேயே செல்லும். ஜேபெக்காகச் சுருக்கினால் 16 பிட் படத்தின் 65,536 சாம்பல் நிலைகள் 256 ஆகக் குறைந்துவிடும், மங்கலான ஒளியை அளக்க வருபவருக்கு அது உதவாது.

ஜெனோடோ எல்லாத் துறைகளுக்குமான பொதுக் களஞ்சியம். பல அடுக்குகள் கொண்ட படத்தை உலாவியிலேயே புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால், நுண்ணோக்கிப் படங்களை நிர்வகிக்கும் ஒமெரோ மென்பொருளில் இயங்கும் இமேஜ் டேட்டா ரிசோர்ஸ் என்னும் படக் களஞ்சியம் பொருத்தமானது. உயிரியல் படங்களுக்கென்றே ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்தும் பயோஇமேஜ் ஆர்கைவும் உண்டு.

ஜெனோடோவில் தொடங்குபவர்கள் வெளியிடுவதற்கு முன்பே டிஓஐ எண்ணை ஒதுக்கிக்கொள்ளும் வசதியைத் தவறாமல் பயன்படுத்துங்கள். அந்த எண்ணை விளக்கக் கோப்பிலேயே எழுதி ஏற்றிவிட்டால், படங்கள் பின்னர் எத்தனை கணினிகளுக்குப் பிரதியானாலும் அவற்றின் மூலப் பதிவைத் தேடிப் பிடிக்கலாம்.