சப்பாத்தி, பரோட்டா, டார்ட்டிலா: என்சிலாடாவுக்கு எது தாங்கும்?

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி ஏழரை. எட்டரைக்குள் தட்டு வைத்தாக வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தில் க்ரீமி சிக்கன் என்சிலாடா முடியுமா என்று வியாழக்கிழமைதோறும் செய்து பார்த்தேன். முடிகிறது. ஆனால் எதில் சுருட்டுகிறோம், எதை ஊற்றுகிறோம், எதில் சூடேற்றுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நாள் விருந்து, ஒரு நாள் களி.

மெக்சிகோ பண்டம் இது. பேருக்கு மிளகாயில் தோய்த்தது என்றுதான் அர்த்தம். டார்ட்டிலா என்கிற மெல்லிய மக்காச்சோள ரொட்டியை மிளகாய்ச் சாஸில் முக்கிச் சுருட்டுவது அங்கத்திய பழக்கம். பாலாடையும் சீஸும் சேரும் வகைக்கு அங்கேயே ‘சுவிஸ்’ என்று பட்டப்பெயர். மைதா டார்ட்டிலா, புளித்த க்ரீம், கோழி வேகவைத்த தண்ணீர் என்று வெள்ளைச் சாஸில் செய்வது அமெரிக்க வீடுகளின் வழக்கம். நான் செய்வது இந்தக் கடைசி ரகம்.

முதலில் அசல் வழியில்தான் போனேன். சௌகார்பேட்டையில் மக்காச்சோள மாவு வாங்கி வந்து பிசைந்தேன். தேய்க்கும்போதே ஓரமெல்லாம் வெடித்தது, சுருட்டியதும் அப்பளம் மாதிரி இரண்டாக உடைந்தது. தப்பு என் கையில் இல்லை, மாவில். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் நீக்கி அரைக்கிறார்கள். மாவு ஒட்டிக்கொள்வது அந்தச் சுண்ணாம்பால். நம் கடையில் கிடைப்பது சும்மா அரைத்த சோளம். கையால் தட்டிக் கீரையோடு சாப்பிட அருமையான ரொட்டி வரும், சுருட்ட வராது.

பாக்கெட் டார்ட்டிலாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. பிரித்த பாக்கெட்டில் மிச்சம் இருப்பது ரெண்டே நாளில் காய்ந்து அட்டையாகிவிடும், அது வேறு.

தெருமுனைக் கடை பரோட்டா என் வீட்டுக்காரர் யோசனை. வேலை மிச்சம் என்று நானும் ஆசைப்பட்டேன். பரோட்டா சால்னாவுக்குப் பிறந்தது. பிய்த்துப் போட்டு ஊறவைத்து உடனே வாயில் போடுகிற வரைக்கும்தான் அதன் அழகு. சாஸோடு கால் மணி நேரம் சூட்டில் கிடந்தால் அடுக்கு அடுக்காக விட்டுப்போய், எண்ணெய் மேலே மிதக்கிறது. ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது, கரண்டியால் வழித்துச் சாப்பிட்டோம். அத்தை தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாமா இது, பால் ஊத்தின கொத்து பரோட்டாவா?” என்றார்.

ஜெயித்தது சப்பாத்திதான், அதுவும் காலையில் சுட்டது. அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்த சப்பாத்தி தன் ஆவியிலேயே நனைந்து, சாஸ் பட்டதும் குழைகிறது. காலை டிபனுக்குச் சுடும்போதே எட்டு கூடுதலாகச் சுட்டு டப்பாவில் வைத்துவிட்டால், சாயங்காலத்துக்குள் லேசாகக் காய்ந்து தேவையான அளவுதான் சாஸைக் குடிக்கும். சுருட்டுவதற்கு முன் தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பக்கத்துக்குப் பத்து விநாடி புரட்டி எடுக்கிறேன். வளையும், வெடிக்காது, எண்ணெய்ப் பூச்சு சாஸை உடனே உள்ளே விடாது. மெக்சிகோவில் டார்ட்டிலாவைச் சுடு எண்ணெயில் முக்கி எடுப்பதும் இதற்காகத்தான்.

கோழியில் யோசிக்க ஒன்றுமில்லை. எலும்பில்லாதது 400 கிராம், உப்பு, பூண்டு, அரை வெங்காயம், குக்கரில் இரண்டு விசில். கறியை உதிர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

சாஸுக்கு மூன்று வழி. முந்திரி அரைத்து ஊற்றினால் ஜோராக இருக்கும், ஆனால் வாயில் வைத்ததும் குருமா. பாக்கெட் ஃப்ரெஷ் க்ரீம் திரியாது, அவசரத்துக்குக் கைகொடுக்கும். புளிப்பு இல்லாததால் நாலாவது வாயில் திகட்டுகிறது. கெட்டித் தயிர்தான் புளித்த க்ரீமுக்குக் கிட்டே வருகிறது. முதல் தடவை அதைக் கொதிக்கிற சாஸில் அப்படியே கொட்டினேன். கண்ணெதிரே திரிந்து, பன்னீர் வடித்த தண்ணீர் மாதிரி ஆனது. க்ரீமில் இருக்கிற அளவு கொழுப்பு தயிரில் இல்லை, சூட்டைத் தாங்காது.

இப்போது செய்வது இப்படி: தயிரைக் காலையிலேயே துணியில் கட்டி ஃபிரிட்ஜில் வடியவிடுகிறேன். இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் அதே அளவு மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, கோழித் தண்ணீர் ஒன்றரை கப் ஊற்றி, கட்டி தட்டாமல் கிளறி அடுப்பை அணைத்துவிடுவேன். ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு, சாஸில் ஒரு கரண்டியைத் தயிரில் கலந்து அடித்து, பிறகுதான் அரை கப் தயிரைச் சட்டியில் சேர்ப்பது. மிளகாயைப் பார்த்துப் போட வேண்டும். அவர்கள் போடும் ஹலபீனோவைவிட நம்மூர்ப் பச்சை மிளகாய்க்குக் காரம் அதிகம். விதை எடுத்த இரண்டு போதும்.

சீஸில் சண்டையே இல்லை. கட்டியாக வரும் ப்ராசஸ்டு சீஸைத் துருவிக் கறியோடு சப்பாத்திக்குள்ளே வைத்துச் சுருட்டி, சாஸ் ஊற்றினால், இழுபடும் மொசரெல்லா மேலே.

கடைசி போட்டி ஓவனுக்கும் அடுப்புக்கும். ஓவன் சூடேறவே பத்து நிமிஷம், பிறகு 180 டிகிரியில் இருபது நிமிஷம். மேலே பொன்னிறப் பொட்டுகள் விழுந்து பார்க்க லட்சணமாக இருக்கும், சித்திரை வெயிலில் சமையலறை உலையாகிவிடும். அடுப்பில் தோசைக்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் அகலமான நான்ஸ்டிக் சட்டியை வைத்து மூடினால் சிறுதீயில் பன்னிரண்டு நிமிஷம், அடி பிடிக்காது. பொன்னிறம் வராது. மூடியில் வியர்க்கிற தண்ணீர் சாஸில் சொட்டாமலிருக்க ஒரு துணியை மூடிக்கு உட்பக்கம் இழுத்துக் கட்டி, முனைகளை மேலே முடிந்துவிடுங்கள், தொங்கவிட்டால் தீப்பிடிக்கும். வார நாளில் எனக்கு அடுப்புதான். பொன்னிறம் கேட்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கட்டும்.