ஏற்காட்டுச் சித்தப்பாவுக்கு எந்த போர்டு?

ஏற்காட்டில் காற்று கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், சில்வர் ஓக் கிளை கம்பியில் சாய்ந்து கரண்ட் போய்விடும். அங்கே நாலு அறை வாடகைக்கு விடும் சித்தப்பா, "கரண்ட் கம்மியா இழுக்கற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக் குடு கண்ணு" என்றார். ரூம் புக்கிங், பில், ராத்திரி யூடியூப். அவ்வளவுதான் வேலை.

மூன்று வழி பார்த்தேன். ஏ520 மதர்போர்டில் ரைசன் 5 5600ஜி பிராசஸர், எச்610 போர்டில் இன்டெல் ஐ3-12100, பிராசஸரை போர்டிலேயே ஒட்டி வரும் இன்டெல் என்100.

பலத்தில் 5600ஜி-தான் அண்ணன். 6 கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் மூளைகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), சின்ன கேம் ஓட்டும் அளவுக்கு கிராபிக்ஸ். ஐ3-க்கு 4 கோர், 8 த்ரெட். ஆபீஸ் வேலைக்கு வித்தியாசமே தெரியாது. எச்610 வாங்கும்போது ஒன்று: டிடிஆர்4 ரேமுக்கு ஒரு போர்டு, டிடிஆர்5 ரேமுக்கு வேறு போர்டு. பெட்டியில் பார்க்காமல் வாங்கினால் ரேம் உள்ளே போகாது.

என்100-க்கு 4 கோர், த்ரெட்டும் 4-தான். ரேமுக்குப் போய்வர ஒரே சேனல், அதாவது ஒரே பாதை. ஆனால் டிடிபி (பிராசஸர் வெளிவிடும் வெப்பத்துக்கு கம்பெனி சொல்லும் கணக்கு) 6 வாட். ஐ3-க்கு 60, 5600ஜி-க்கு 65. இந்த எண்ணை வைத்து நேராகக் கணக்குப் போடக் கூடாது. சும்மா இருக்கும்போது மூன்றுமே அடங்கித்தான் கிடக்கும். சாதாரண வேலையில் என்100 சுமார் 15 வாட், 5600ஜி சுமார் 45 வாட் என்று வையுங்கள். தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் வித்தியாசம் 14 யூனிட் சொச்சம். இதற்காகவா இவ்வளவு யோசனை என்று எனக்கே தோன்றியது.

யூபிஎஸ்-ஐ கணக்கில் சேர்த்ததும் கதை மாறியது. சித்தப்பாவிடம் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. காகிதத்தில் 84 வாட்-ஹவர், கைக்குப் பாதி வந்தால் பெரிது. மானிட்டரே 20 வாட் தின்னும். அதோடு 5600ஜி என்றால் நாற்பது நிமிடம்; என்100 என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். மலையில் இந்த அரை மணி நேரம்தான் காசு.

கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி சமாச்சாரமும் உண்டு. 450 வாட் பெட்டியில் 30 வாட் ஓட்டுவது லாரியில் ஒரு மூட்டை ஏற்றுவது மாதிரி. அவ்வளவு குறைந்த லோடில் அதன் எபிஷியன்சி சரிந்துவிடும். அஸ்ராக்கின் என்100டிசி-ஐடிஎக்ஸ் போர்டுக்கு எஸ்எம்பிஎஸ்-ஏ வேண்டாம், 19 வோல்ட் அடாப்டர் போதும்.

குறை இல்லாமல் இல்லை. பிராசஸர் ஒட்டியிருப்பதால் போர்டு போனால் மொத்தமும் போச்சு, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்குத்தான் தூக்கி வர வேண்டும். அம்மாபேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு என்றால் எச்610-தான் போடுவேன். பின்னாளில் 14-ஆம் தலைமுறை பிராசஸர் வரை மாற்றிக்கொள்ளலாம்.

சித்தப்பாவுக்கு என்100. பரணில் கிடந்த பழைய லேப்டாப்பின் 65 வாட் அடாப்டர் வோல்ட்டும் முனையும் பொருந்திப்போனதில் அந்தச் செலவும் மிச்சம்.