கேபின் தரைக்கு எந்தப் பூச்சு? வார்னிஷ், பாலியூரிதேன், எபாக்ஸி, எண்ணெய்: ஓர் ஒப்பீடு

பாய்மரப் படகின் மேல்தளத்துக்கு வெயில்தான் எதிரி. உள்ளே கேபின் தரைக்கு வெயில் அவ்வளவாக எட்டாது. அங்கே தொல்லை கொடுப்பவை செருப்போடு வரும் மணல், நனைந்த உடையிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர், அடியில் பில்ஜிலிருந்து (படகின் அடிவயிற்றில் தண்ணீர் தேங்கும் பள்ளம்) ஏறும் ஈரம். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, மேலே அடித்து மீந்த டப்பாவையே உள்ளேயும் கவிழ்த்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

எதைப் பூசுவது என்று யோசிக்கும் முன் ஒரு பலகையைத் தூக்கி அதன் ஓரத்தைப் பாருங்கள். பல படகுகளில் அது முழுத் தேக்கு இல்லை. பிளைவுட்தான், மேலே தேக்கு வெனீர், அதாவது மெல்லிய தேக்குத் தகடு, ஒட்டியிருக்கும், இடையிடையே வெளிறிய மரக் கோடுகள் ஓடும். அந்த வெனீர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத படகுகள் உண்டு. இப்படிப்பட்ட தரையில் சாண்டிங் மெஷினை வைத்து அழுத்தினால், தேக்கு நிறம் போய் அடியில் ஒட்டுப்பலகையின் குறுக்கு இழை எட்டிப்பார்க்கும். அதற்கு அப்புறம் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. ஹீட் கன்னால் பழைய பூச்சை இளக்கி, மழுங்கிய சுரண்டியால் வழித்தெடுத்து, கடைசியில் மட்டும் 180, 220 எண் உப்புத்தாளைக் கையால் இழை போகும் திசையிலேயே தேய்ப்பது பாதுகாப்பு. கறுப்பாக ஊறிய கறைகளுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நன்றாக வேலை செய்யும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நிறையத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காயவிடாமல் தேய்க்கக் கூடாது, அந்தத் தூள் மூக்குக்கு ஆகாது.

சரி, பூச்சுக்கு வருவோம்.

பாய்மரக் கம்பங்களுக்கென்று வந்த ஸ்பார் வார்னிஷ் எண்ணெய் மிகுந்தது. மரம் விரிந்து சுருங்கும்போது கூடவே வளைந்து கொடுக்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் அதில் உண்டு. வெளியே இவை பெரிய பலம். தரையிலோ அந்த மென்மையே பலவீனம்: மணல் அரைத்தால் சீக்கிரம் கோடு விழும். ஆனால் தேக்கின் செம்பழுப்பை வார்னிஷ் எடுத்துக்காட்டுவது போல வேறெதுவும் காட்டாது. கீறிய இடத்தை மட்டும் தேய்த்து இன்னொரு கோட் அடித்தால் ஒட்டு தெரியாமல் கலந்தும் விடும். முதல் கோட்டில் தின்னர் தாராளமாகச் சேர்த்து மரத்துக்குள் இறங்கவிட்டு, மேலே ஐந்தாறு கோட் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் காய ஒரு நாள் என்று வைத்தால், அந்த வாரம் முழுக்கக் கேபினில் கால் வைக்க முடியாது.

ஒற்றை டப்பா பாலியூரிதேன் இதைவிடக் கெட்டி. அடிக்கும் முறை கிட்டத்தட்ட வார்னிஷ் போலத்தான், பழுது பார்ப்பதும் சிரமமில்லை. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வகை சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், வாடையும் குறைவு. மூடிய கேபினுக்குள் குனிந்து வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. குறை என்றால், தேக்கு கொஞ்சம் சோகையாகத் தெரியும்.

இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரிதேன்தான் இந்த வரிசையில் உறுதியானது. மணலையும் கொட்டிய டீசலையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். அந்த உறுதிக்குக் கொடுக்கும் விலை வேறு விதம். கடினப்படுத்தும் டப்பாவில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான வேதிப்பொருள் இருப்பதால் தகுந்த முகமூடி இல்லாமல் தொடக்கூடாது. கலந்த கலவை கெட்டியாவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். பழைய வார்னிஷின் மேல் அடித்தால் அதன் கரைப்பான் கீழ்ப்பூச்சைச் சுருட்டிக் கிளப்பிவிடும், அதனால் பழையதை முழுக்க எடுத்தே ஆக வேண்டும். மெல்லிய வெனீருக்கு அந்தச் சுரண்டலே ஆபத்து. பெரிய வெட்டு விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுத் தெரியாமல் சரிசெய்வதும் கடினம்.

எபாக்ஸியை, அதாவது இரண்டு டப்பா கலந்ததும் இறுகும் பிசினை, இவற்றுக்குப் போட்டியாக நிறுத்துவதே சரியில்லை. அது அடித்தளம். ஈரம் புகாமல் அடைப்பதில் கெட்டிக்காரன், ஆனால் தனியாக விட்டால் வெளிச்சத்தில் மஞ்சளாகும். இறுகியதும் மேலே படியும் மெழுகுப் படலத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் வார்னிஷ் அடித்தால், வார்னிஷ் நாள்கணக்கில் பிசுபிசுவென்று கிடக்கும்.

எண்ணெய் பூசுவது எல்லாவற்றிலும் எளிது. துணியால் தேய்த்தால் முடிந்தது. அதே வேகத்தில் மங்கவும் செய்யும், அழுக்கையும் இழுத்துக்கொள்ளும். முழுத் தேக்குப் பலகையாக இருந்து, அடிக்கடி எண்ணெய் காட்டப் பொறுமையும் இருந்தால் சரி. வெனீர் தரைக்கு நான் சொல்லமாட்டேன். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

என் தேர்வு இரண்டும் கலந்ததுதான்: ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் எபாக்ஸி, நடக்கும் முகத்துக்கு ஒற்றை டப்பா பாலியூரிதேன். இரண்டு டப்பா வகை, ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் வாடகைப் படகுக்கு நியாயம். சொந்தமாக, விடுமுறைக்கு மட்டும் ஓட்டும் படகுக்கு அந்த உறுதியைவிட, கீறிய இடத்தை ஒரு மாலையில் சரிசெய்ய முடிகிற வசதிதான் பெரிது. பூசுவதற்குச் சற்று முன் தேக்கை அசிட்டோனில் துடைத்து மேலெண்ணெயை எடுப்பது எல்லா வகைக்கும் பொது.

பளபளப்பு வேண்டுமா, மேட் வேண்டுமா? மேட் பூச்சு கீறலை மறைக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்குவதை அது ஒன்றும் தடுத்துவிடாது. கீழ்க் கோட்டுகளைப் பளபளப்பிலேயே ஏற்றி, கடைசி ஒன்றிரண்டை மட்டும் மேட்டில் முடியுங்கள். எல்லாமே மேட்டாக அடித்தால் மரத்தின் ரேகை பனி மூடியது போல மங்கும். ஏணிப்படிக்குக் கீழே, ஈரக்கால் முதலில் விழும் இடத்தில், கடைசிக் கோட்டில் வழுக்காத் தூள் கலப்பது நல்லது.

உண்மையில் தரை கெடுவது நடுவில் இல்லை, ஓரத்தில். பிளைவுட்டின் வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சி உள்ளுக்குள் பரவவிடும், மேலே வெனீர் கறுத்துத் தூக்கிக்கொள்ளும். திருகு ஓட்டைகளும் அப்படித்தான். அங்கே எபாக்ஸியை இரண்டு மூன்று முறை, உறிஞ்சுவது நிற்கும்வரை கொடுங்கள். ஒவ்வொரு கோட்டும் ஓரத்தில் கனம் சேர்ப்பதால், கழற்றி மாட்டும் பலகைகளை நடுநடுவே அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்து, இறுகினால் ஓரத்தை இழைத்துவிட்டுத் தொடருங்கள். படகுக்குள் தண்ணீர் ஏறும்போது பில்ஜ் மூடி ஒரு கையால் இழுத்ததும் வந்துவிட வேண்டும்.