ஏழு வருஷம், மூன்று வகைப் போக்கர்: எனக்கு ஒத்துவந்தது எது?

எங்கள் சனிக்கிழமை ஆட்டத்தில் பணம் வைப்பதில்லை. பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லைகள்தான் சிப். ராத்திரி பதினோரு மணிக்கு அதை எண்ணுவோம். குறைந்த சிப்போடு கடைசியில் நிற்பவர் அடுத்த வாரப் பிரியாணிக்குப் பொறுப்பு. பெங்களூரில் 2018-இல் ஆறு பேரோடு ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன்: என்ன ஆட்டம், எத்தனை சிப், வீட்டுக்குப் போகும்போது மனசு எப்படி இருந்தது. அந்தக் கடைசிக் குறிப்பைத்தான் ரொம்ப நாள் நான் திருப்பிப் பார்க்கவே இல்லை.

முதல் மூன்று வருஷம் டெக்சாஸ் ஹோல்டம் மட்டும்தான். கையில் 2 சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அக்கவுண்டன்ட் ஆன்லைன் தகுதிச்சுற்று வழியாக நுழைந்து போக்கரின் பெரிய போட்டியான வேர்ல்டு சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவன்ட்டையே தட்டிக்கொண்டு போனார். (பேரைப் பாருங்கள்! நிஜப் பேர்தான்.) அதற்கப்புறம் போக்கர் என்றாலே ஹோல்டம் என்றாகிவிட்டது. வீடியோ, புத்தகம், பயிற்சி மென்பொருள் எல்லாம் இதற்குத்தான் அதிகம். போட்டிகளில் ஆட வேண்டும், முறையாகப் படித்து முன்னேற வேண்டும் என்பவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

ஆனால் இது காத்திருப்பவனுடைய ஆட்டம். கையில் வரக்கூடியதிலேயே சிறந்ததான ஜோடி ஆஸ் சராசரியாக 221 கைக்கு (ஒரு தடவை சீட்டுப் பிரித்து ஆடுவது ஒரு கை) ஒரு தடவைதான் வரும். எங்கள் மேஜையில் மணிக்கு 25 கை ஓடினால் பெரிய விஷயம். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம், அதாவது இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு ஜோடி ஆஸ். நடுவில் வருவதில் பெரும்பாலானதை ஃபோல்ட் பண்ணிவிட்டு, அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நான் வாய் ஓயாதவன். சும்மா இருக்க முடியாமல் 9, 5 மாதிரி சொத்தைச் சீட்டை வைத்துக்கொண்டு உள்ளே போவேன். மூன்று வருஷ நோட்டில் அதிகம் வரும் வார்த்தை ‘போர்’.

அதனால் பாட் லிமிட் ஒமாஹாவுக்குத் தாவினேன். கையில் 4 சீட்டு. அதில் சரியாக இரண்டும் நடுவிலிருந்து மூன்றும்தான் எடுக்க வேண்டும். இந்த விதி காதில் ஏறும், கைக்கு ஏறாது. ஒரு தடவை நடுவில் நாலு இஸ்பேட் விழுந்தது. என்னிடம் இஸ்பேட் ஆஸ். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்ந்தால் ஃப்ளஷ். இருந்த சிப்பை எல்லாம் தள்ளிவிட்டு “ஃப்ளஷ்!” என்று கத்தினேன். எதிரில் இருந்தவன் என் மற்ற மூன்று சீட்டையும் விரலால் நகர்த்திப் பார்த்துவிட்டு, “இன்னொரு இஸ்பேட் எங்கடா?” என்றான். அடுத்த வாரப் பிரியாணி என் கணக்கு.

ஹோல்டமில் ஜோடி ஆஸ், ஜோடி ராஜாவோடு மோதினால் நூற்றுக்கு எண்பது தடவைக்கு மேல் ஜெயிக்கும். ஒமாஹாவில் இரண்டு நல்ல கைகள் மோதினால் பெரும்பாலும் அறுபதுக்கு நாற்பது என்றுதான் நிற்கும். சரியாக ஆடியும் தோற்பீர்கள், அடிக்கடி. எங்களில் சேல்ஸில் இருக்கும் நண்பன் ஒருவன் இதற்கென்றே பிறந்தவன். அடுத்த கை போடுவதற்குள் போன கை அவனுக்கு மறந்துவிடும். எனக்கு அப்படி இல்லை. ஒமாஹா ராத்திரிகளுக்கு நேரே ‘தூக்கம் வரலை’ என்று எழுதியிருக்கிறேன். பரபரப்புதான் எனக்கு வேண்டும் என்று நினைத்ததே தப்புக் கணக்கு.

2021-இல் நாகர்கோவிலிலிருந்து மாமா வந்து மகள் வீட்டில் தங்கினார். ஆயுசு முழுக்க இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடியவர். 32 சீட்டில் எது விழுந்தது, எது பாக்கி என்று விரல்நுனியில் வைத்திருப்பார். அவருக்காகத்தான் செவன் கார்ட் ஸ்டட் எடுத்தோம். பொதுச் சீட்டே கிடையாது. ஆளுக்கு 7, அதில் 4 எல்லார் கண்ணுக்கும் தெரிய விரிந்து கிடக்கும். ஃபோல்ட் ஆனவரின் சீட்டு கவிழ்ந்துபோகும். அதற்குள் மனதில் பதிய வைக்க வேண்டும். பந்தய அளவும் வரையறுக்கப்பட்டது, ஒரே கையில் மொத்தமும் போகாது.

ஐந்து சீட்டு வந்த நிலையில் என்னிடம் நாலு ஆட்டின் (ஹார்ட்). இன்னும் ஒன்பது ஆட்டின் பாக்கி இருக்கிறதே என்ற தெம்பில் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனேன். மாமா ஒரு ஜோடி ஒன்பதை வைத்துக்கொண்டு அசையாமல் கூடவே வந்தார். ஃப்ளஷ் விழவில்லை. சீட்டைக் காட்டியதும், “மக்கா, மத்தவன் கையில அஞ்சு ஆட்டின் போயாச்சு. ஒனக்கு மிச்சம் நாலுதான. பாக்கலையா?” என்றார். பார்க்கவில்லை. அன்றிலிருந்து பார்க்கிறேன். ஃபோல்ட் பண்ணின பிறகும் கவனிக்க வேலை இருப்பதால் ‘போர்’ என்ற வார்த்தை நோட்டிலிருந்து காணாமல் போனது. தோற்ற ராத்திரியிலும் தூங்கியிருக்கிறேன். குறை ஒன்றுதான்: வெளியே ஸ்டட் ஆட ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

காசு சம்பாதிக்க எந்த வகை நல்லது என்று கேட்பவர்களிடம் எனக்குப் பதில் இல்லை. ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அதற்கு முன்பும், ஒவ்வொரு கையிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் கம்பெனியைத் தவிர நிச்சயமாகச் சம்பாதித்தவரை நான் பார்த்ததில்லை.

இப்போது மூன்றையும் ஆட்டத்துக்கொரு மணி நேரம் என்று பிரித்துவிட்டோம். மாமாவுக்கு ஒமாஹா மட்டும் ஒத்துவரவில்லை. “நாலு சீட்டக் குடுத்துட்டு ரெண்டத்தான் எடுக்கணும்னா, மிச்ச ரெண்டு எதுக்குடே?” என்பார். அந்த மணி நேரம் ஆரம்பித்ததும் எழுந்து எல்லாருக்கும் டீ போடப் போய்விடுவார்.