தந்தை இல்லாத நிலையில் சகோதரி உறவுப் பரிசோதனை: ஓர் ஆய்வுகூடச் சேவை பற்றிய மதிப்பீடு

கொழும்பிலுள்ள தனியார் ஆய்வுகூடமொன்று, ஹட்டனில் மாதிரிகளைச் சேகரித்து நடத்தும் குடும்ப உறவு டி.என்.ஏ. பரிசோதனையைப் பற்றி எழுதுகிறேன். ஆய்வின் தரத்தில் எனக்குக் குறையில்லை. எந்த உறவுக்கு எந்த வகைக் குறிப்பான்களை (ஆளுக்கு ஆள் வடிவம் மாறுபடும் டி.என்.ஏ. இடங்களை) பார்க்க வேண்டும் என்பதைப் பணம் வாங்கும் முன்னர் சொல்லாததுதான் குறை.

என் தாயாரும், தமிழகத்தின் கூடலூரிலிருந்து எங்களைத் தேடி வந்த பெரியம்மாவும் ஒரே தந்தையின் பிள்ளைகளா என்பதே கேள்வி. தாத்தா காலமாகிவிட்டார், பெரியம்மாவைப் பெற்ற தாயும் உயிரோடில்லை. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளித் தமிழர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை வழங்கவும் முடிவெடுத்ததில் ஒரே லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன என்பதால், இக்கேள்வி மலையகத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

மாதிரி எடுத்த பெண் தம் வேலையை நன்கு அறிந்தவர். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தபின், வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்த அந்த ஈரக் காற்றில் குச்சிகள் முழுமையாகக் காயும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் பையில் அல்லாமல் காகித உறையிலிட்டு, எங்கள் முன்னிலையிலேயே ஒட்டிக் கையொப்பம் வாங்கினார். ஈரத்தோடு மூடிய மாதிரியில் பூஞ்சை பிடித்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

முதல் அறிக்கை வழக்கமான 15 குறிப்பான்களை மட்டும் பார்த்திருந்தது. தந்தையும் பிள்ளையும், அரிதான மரபணு மாற்றம் தவிர, ஒவ்வொரு குறிப்பானிலும் ஒரு வடிவத்தைப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்பதால் தந்தையை உறுதிப்படுத்த அது பெரும்பாலும் போதும். தந்தை மட்டும் பொதுவான சகோதரிகளுக்கோ, ஒரு குறிப்பானில் இருவரும் அவரிடமிருந்து ஒரே வடிவத்தைப் பெறும் வாய்ப்பு பாதிதான்; உறவே இல்லாதவர்களும் தற்செயலாகச் சிலவற்றில் ஒத்துப்போவார்கள். எங்கள் நிகழ்தகவு விகிதம், அதாவது உறவில்லாதவர்களைவிடச் சகோதரிகளிடம் இந்த முடிவு கிடைக்கும் வாய்ப்பு எத்தனை மடங்கு என்பது, 3ஐக்கூடத் தொடவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு அத்தனை பக்கங்களா என்று தாயார் கேட்டார்.

தொலைபேசியில் பேசிய அலுவலர் அதே வகையில் இன்னும் சில குறிப்பான்களைச் சேர்க்கலாம் என்றார். அதுவும் உதவும், ஆனால் மெதுவாக. பின்னர் அழைத்த ஆய்வாளர்தான் எக்ஸ் நிறமூர்த்தத்தைப் பற்றிச் சொன்னார். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. அதை அவர் தம் மகள்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய அப்படியே கொடுக்கிறார். ஆகவே ஒரே தந்தையின் இரு மகள்கள் எக்ஸின் ஒவ்வொரு குறிப்பானிலும் ஒரு வடிவத்தையாவது பகிர வேண்டும். என் தாயாரைப் பெற்ற பாட்டியின் மாதிரியையும் கேட்டு வாங்கி, தாயாரிடமுள்ள வடிவங்களில் பாட்டி வழி வந்தவற்றைக் கழித்து, தாத்தா வழி வந்தவற்றைப் பிரித்தெடுத்தார்கள். 12 குறிப்பான்களிலும் முரண்பாடு இல்லை. விகிதம் ஆயிரத்தைத் தாண்டியது. அவை நான்கு கூட்டங்களாக அருகருகே அமைந்து சேர்ந்தே கடத்தப்படுபவை என்பதால், பன்னிரண்டையும் தனித்தனிச் சான்றுகளாகப் பெருக்காமல் கூட்டம் கூட்டமாகவே கணக்கிட்டிருந்தார்கள். எண்ணைப் பெரிதாக்கிக் காட்டாத அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

தந்தை இவரா, இவருடைய தம்பியா என்று ஐயம் எழும் குடும்பங்களில் எக்ஸ் மட்டும் போதாது. சகோதரர்கள் இருவரும் தங்கள் தாயிடமிருந்து எக்ஸின் பல பகுதிகளை ஒன்றுபோலப் பெற்றிருக்கக் கூடும். இரு ஆண்களைச் சோதிப்பதானால், தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் வை நிறமூர்த்தம் தந்தைவழியைக் காட்டும், ஆனால் அதுவும் அண்ணனையும் தம்பியையும் பிரித்துக் காட்டாது.

இரண்டாவது பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். விண்ணப்பப் படிவத்திலேயே "தந்தை உயிரோடு இல்லை" என்று எழுதிக் கொடுத்திருந்த நிலையில் இது நியாயமில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது, தமிழ் விளக்கம் தொலைபேசியில்தான். இங்கு செல்வோர், யார் யார் மாதிரி தர இயலும் என்பதை முதலிலேயே சொல்லி, எக்ஸ் குறிப்பான்களையும் உயிரோடிருக்கும் தாயின் மாதிரியையும் சேர்த்து ஒரே விலையாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றத் தேவை இருந்தால் அதையும் மாதிரி எடுக்கும் முன்னரே தெரிவியுங்கள்.